துறவி நண்டு வீட்டுக்கு வந்தால்: பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டியவை

பாடசாலை விடுமுறை தொடங்கினால் கல்லடி, நாவலடி, கல்குடா, பாசிக்குடா கடற்கரைகளுக்குப் போய்வரும் பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. சோற்றுப் பெட்டிக்குள்ளோ, ஐஸ்கிரீம் பேணிக்குள்ளோ, பாதியாக வெட்டிய சோடாப் போத்தலுக்குள்ளோ சங்கைச் சுமந்து நடக்கும் ஒரு நண்டு இருக்கும். பாடப்புத்தகத்தில் அதற்குத் துறவி நண்டு என்று பெயர். பிள்ளைகள் சங்கு நண்டு, ஊரி நண்டு என்று வாய்க்கு வந்தபடி சொல்வார்கள்.

அப்படி வீட்டுக்கு வரும் நண்டுகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் செத்துவிடுகின்றன. பிள்ளைகளுக்கு அவற்றின் மேல் அன்பு இல்லாமலில்லை. இந்த உயிருக்கு என்ன தேவை என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. மட்டக்களப்பில் பல ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற முறையில் தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்விகளையும், நானும் வீட்டில் வைத்துப் பார்த்து அறிந்தவற்றையும் இங்கே ஒழுங்காகத் தருகிறேன். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கிற உறவினர்களும் கடையில் வாங்கிய நண்டைப் பற்றித் தொலைபேசியில் கேட்பதுண்டு. அவர்களுக்கும் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

கடற்கரையிலிருந்து நண்டைக் கொண்டுவாருங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அது ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்றால், அதைச் சரியாகக் கவனிப்பது நம்முடைய பொறுப்பு.

முதலில், அது எந்த நண்டு?

எங்கள் பக்கத்தில் சங்குக்குள் வாழும் நண்டுகள் இரண்டு வகை. ஒன்று தரையில் வாழ்வது. மற்றது தண்ணீரில் வாழ்வது. இந்த வேறுபாடு தெரியாமல் போனால் மற்ற எந்தக் கவனிப்பும் பயன்படாது.

வாவிக் கரையில், கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே, சேற்றிலும் ஆழமில்லாத உவர்நீரிலும் கூட்டமாகத் திரிபவை பெரும்பாலும் நீர்வாழ் துறவி நண்டுகள். கிளிபனேரியஸ் என்ற இனக்குழுவைச் சேர்ந்த இவற்றின் இரண்டு கொடுக்குகளும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். மெல்லிய காம்பின் நுனியில் வட்டமான கண் இருக்கும். இவற்றை உலர்ந்த பெட்டியில் விட்டால் அதிக நாள் தாங்காது. இவற்றை வீட்டில் வைத்திருக்கக் கடல்நீர்த் தொட்டியும் காற்றுப் பம்பியும் தேவை. அந்த வசதி இல்லாத வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: எடுத்த இடத்திலேயே அன்றைக்கே கொண்டுபோய் விடுவது.

கடல் மணலில் அலை எட்டாத உயரத்தில், அடம்பன் கொடிக்குக் கீழும் தாழம்புதருக்குள்ளும் பொழுதுபட்ட பின் ஊர்ந்து திரிபவை தரைவாழ் துறவி நண்டுகள். இவை சீனோபிற்றா இனக்குழுவைச் சேர்ந்தவை. இடது கொடுக்கு மற்றதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்கும். பயந்தால் உள்ளே ஒடுங்கி அந்தப் பெரிய கொடுக்கால் சங்கின் வாயைக் கதவு போல அடைத்துக்கொள்ளும். கண் நீண்டு தட்டையாக இருக்கும். இந்தக் கட்டுரையில் மீதி எல்லாம் இந்த நண்டைப் பற்றியது.

தரையில் வாழ்ந்தாலும் இது மூச்சுவிடுவது செவுளால்தான். மீன் பூ என்று நாங்கள் சொல்வோமே, அதன் மாறிய வடிவம். அது ஈரமாக இருந்தால்தான் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுக்க முடியும். காய்ந்தால் நண்டு மெதுவாக மூச்சுத்திணறிச் சாகும். அதேநேரம் தண்ணீருக்குள் மூழ்கி வெளியேற வழியில்லாமல் போனாலும் செத்துவிடும். வீட்டில் நிகழும் சாவுகளுக்கு இந்த இரண்டும் முக்கிய காரணங்கள்.

பெட்டியும் மணலும்

இரண்டு மூன்று சிறிய நண்டுகளுக்கு ஏறத்தாழ 40 லீற்றர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியோ பெரிய பிளாஸ்ரிக் பெட்டியோ போதும். பழைய மீன் தொட்டி ஒழுகினாலும் பரவாயில்லை. கம்பிக்கூடு சரிவராது, ஈரம் தங்காது. செப்புப் பாத்திரமும் துருப்பிடிக்கும் தகரமும் வேண்டாம். செப்பு நண்டினங்களுக்கு நஞ்சு.

அடியில் குறைந்தது 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மணல் போட வேண்டும். பெரிய நண்டென்றால் அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம். ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தும்புத்தூள் கலந்தால் ஈரம் நன்றாக நிற்கும். மணல் எவ்வளவு நனைந்திருக்க வேண்டும் என்பதற்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவுகோல் இருக்கிறது: கடற்கரையில் மணல்வீடு கட்டும் பதம். பிடித்தால் நிற்கவேண்டும், தண்ணீர் ஒழுகக்கூடாது. சீமெந்து வேலைக்குக் குவித்த மணலிலிருந்து எடுக்கவேண்டாம்.

ஒளிந்துகொள்ள ஒரு பாதிச் சிரட்டை, ஏறி விளையாட ஒரு காய்ந்த கொப்பு, கொஞ்சம் சருகு. பெட்டிக்கு மூடி கட்டாயம். இவை நன்றாக ஏறும். ஒரு மூலையில் நிற்கிற கொப்பு போதும், காலையில் பெட்டி வெறுமையாக இருக்கும்.

எறும்பு இந்த நண்டுக்குப் பெரிய எதிரி, குறிப்பாகத் தோல் கழற்றும் காலத்தில். சாப்பாட்டு மேசைக்குச் செய்வது போல, பெட்டி வைத்திருக்கும் மேசையின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் வைத்துவிடுங்கள்.

ஈரமும் சூடும்

பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதன் 75 முதல் 85 வீதம் வரை இருக்கவேண்டும். வெப்பநிலை 24 முதல் 29 பாகை செல்சியஸ் வரை. ஈரப்பதமானி இல்லாத வீட்டில் கண்ணாடியைப் பாருங்கள். விடியற்காலையில் உள்பக்கம் இலேசாகப் பனிபிடித்தது போல இருந்தால் ஈரம் போதும்.

மாரியில், ஐப்பசி முதல் தை வரை, எங்கள் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் சிக்கல். மேற்கிலிருந்து வரும் அந்தச் சூடான உலர்காற்று படுவான்கரை வயல்களை மட்டுமல்ல, மூடியில்லாத பெட்டியையும் ஒரே பகலில் காயவைக்கும். அந்த நாட்களில் மூடியின் முக்கால் பங்கை ஈரத்துணியால் மூடி, கால் பங்கைக் காற்றுக்கு விடுங்கள். மின்விசிறிக்குக் கீழே பெட்டியை வைக்கவேண்டாம்.

தகரக்கூரை வீடுகளில் இன்னும் கவனம் தேவை. நண்பகலில் கூரைக்குக் கீழே வெப்பம் 35 பாகையைச் சுலபமாகத் தாண்டும். பெட்டியை நிலத்தில், வீட்டின் குளிர்ந்த மூலையில், நேர்வெயில் படாமல் வைக்கவேண்டும். நிலத்தில் வைத்தால் எறும்புக்காகச் சுற்றிவரத் தண்ணீர்த் தட்டம் வேண்டும்.

நுளம்புச் சுருளும் பூச்சி மருந்தும் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நுளம்பைக் கொல்லும் மருந்துகளில் சேரும் பைரித்திரொயிட் வகை இரசாயனங்கள் நண்டு, இறால் போன்றவற்றுக்கும் கடும் நஞ்சு. சுருள் கொளுத்தும் அறையில் நண்டை வைக்கவேண்டாம். டெங்குக்குப் புகையடிக்க வரும் நாளில் பெட்டியை மூடி உள்ளறைக்குக் கொண்டுபோங்கள், புகை அடங்கிய பின் தண்ணீரை மாற்றுங்கள்.

இரண்டு தண்ணீர்

துறவி நண்டுக்கு நன்னீரும் வேண்டும், கடல்நீரும் வேண்டும். இரண்டையும் இரண்டு பாத்திரங்களில் வைக்கவேண்டும். சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரை எப்போதும் சுமந்துகொண்டு திரியும் உயிர் அது. மென்மையான பின்னுடலை நனைத்து வைப்பதும், உடலின் உப்பைச் சரிப்படுத்துவதும் அந்தத் தண்ணீரால்தான்.

நன்னீருக்குக் கிணற்றுத் தண்ணீர் நல்லது. உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் சேர்க்கப்பட்டிருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு முழுநாள் திறந்துவைத்து, குளோரின் போன பின் பயன்படுத்துங்கள்.

கடல்நீருக்கு எங்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு போத்தலில் எடுத்துவந்து துணியால் வடித்தால் போதும். ஆனால் வாவியிலிருந்து எடுக்கவேண்டாம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான எங்கள் வாவியின் உப்பு மாதத்துக்கு மாதம் மாறும். மாரி வெள்ளம் வந்து சேரும்போது அது கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். முகத்துவாரம் மணலால் அடைபடும் கோடையில் வேறு விதம். ஊர்களின் கழிவும் வாவியில்தான் சேர்கிறது. அலையடிக்கும் திறந்த கடலில் எடுங்கள். வீட்டு உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்யவும் கூடாது. கறி உப்பில் அயடீன் சேர்த்திருப்பார்கள். கடல்நீரில் இருக்கும் மற்றக் கனியுப்புகள் அதில் இருக்காது.

பாத்திரத்தின் ஆழம், நண்டு முழுதாக நனைய முடிகிற அளவு. உள்ளே இரண்டு மூன்று கல்லோ சிரட்டைத் துண்டோ போட்டு ஏறிவர வழி செய்யவேண்டும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

என்ன சாப்பிடும்?

கடற்கரையில் அலை ஒதுக்குவதையெல்லாம் தின்று வளர்ந்த நண்டுக்கு எங்கள் குசினியிலேயே வேண்டியது இருக்கிறது. தேங்காய்ச் சொட்டு, வாழைப்பழம், பப்பாசி, கொய்யா, முருங்கை இலை, உப்பும் தூளும் போடாமல் அவித்த மீன், இறால் கோது. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் கணவாய் ஓடும், கழுவிக் காயவைத்து நொறுக்கிய முட்டைக் கோதும் எப்போதும் பெட்டிக்குள் இருக்கட்டும். காய்ந்த இலையும் தின்னும்.

கறி, மிளகாய், கருவாடு, பிஸ்கட், வெங்காயம், எலுமிச்சை வேண்டாம். பூச்சிமருந்து அடித்த தோட்டத்து மரக்கறியைக் கழுவாமல் போடவேண்டாம். பொழுதுபட்ட பின் பெருவிரல் நகமளவு உணவு வைத்து, காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இது இரவு விலங்கு. பகலில் அசையாமல் கிடந்தால் பயப்படத் தேவையில்லை.

சங்கு: சொத்து, உடுப்பு, வீடு

நண்டின் முன்பாதிக்கு ஓடு உண்டு. பின்பாதி மென்மையானது, சங்கின் சுருளுக்குப் பொருந்த வளைந்தது. சங்கை அது தானாகச் செய்வதில்லை. செத்த கடல்நத்தை விட்டுப்போனதை எடுத்துக்கொள்கிறது. வளர வளரப் பெரிய சங்கு தேட வேண்டும். கடற்கரையில் ஒரு நல்ல சங்கு ஒதுங்கினால் சில வேளைகளில் நண்டுகள் சிறிது பெரிதாக வரிசைப்பட்டு நிற்கும். பெரியது புதிய சங்குக்கு மாறியதும் அது விட்ட சங்குக்கு அடுத்தது, அதற்கு அடுத்தது என்று வரிசை முழுதும் வீடு மாறும்.

ஆகவே பெட்டிக்குள் ஒரு நண்டுக்கு மூன்று வெற்றுச் சங்காவது, இப்போதுள்ளதைவிடக் கொஞ்சம் பெரிய வாயுள்ளதாகப் போட்டுவையுங்கள். கொதிநீரில் அவித்து ஆறவைத்த பின் போடலாம். வர்ணம் பூசிய சங்கு வேண்டாம், பூச்சு உரிந்து வயிற்றுக்குள் போகும். உடைந்த சங்குள்ள நண்டுக்கு உதவுவதாக நினைத்து ஒருநாளும் பிடித்து இழுக்காதீர்கள். அது பிடியை விடாது. உடல் கிழிந்து சாகும்.

சங்கு கிடைக்காத நண்டு போத்தல் மூடிக்குள்ளும் புகுந்துகொள்ளும். 2024இல் போலந்து ஆய்வாளர்கள் இணையத்தில் மக்கள் பதிவிட்ட படங்களை ஆராய்ந்து, சங்குக்குப் பதிலாகக் குப்பைப் பொருட்களைச் சுமந்த 386 துறவி நண்டுகளைக் கண்டார்கள். தரைவாழ் துறவி நண்டில் இருக்கும் 16 இனங்களில் 10 இனங்கள் அந்தப் படங்களில் இருந்தன. இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் கரையொதுங்கிய பிளாஸ்ரிக் போத்தல்களுக்குள் விழுந்து வெளியேற முடியாமல் செத்த நண்டுகள் ஏறத்தாழ 5 இலட்சத்து 70 ஆயிரம் இருக்கும் என்று 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு கணக்கிட்டது. கல்லடிக் கடற்கரையில் நாம் எறிந்துவிட்டு வரும் சோடாப் போத்தலும் அதே வேலையைத்தான் செய்யும்.

மண்ணுக்குள் போய்விட்டதா? தோண்டாதீர்கள்

அதிக நண்டுகள் காரணமில்லாமல் கொல்லப்படுவது இந்தக் கட்டத்தில்தான். நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றவேண்டும். அதற்காக ஈரமணலுக்குள் புதைந்துகொள்ளும். சிறியது இரண்டு முதல் நான்கு வாரம், பெரியது இரண்டு மாதமும் இருக்கும். கடற்கரையிலிருந்து புதிதாக வந்த நண்டு முதல் நாட்களிலேயே புதைவதும் வழக்கம். அதற்கு முன் அதிகம் தின்னும், தண்ணீர்ப் பாத்திரத்தில் கூடுதலாகக் கிடக்கும், நிறம் சாம்பல் பூத்தது போலாகும், கண் மங்கும்.

மண்ணுக்குள் அது பழைய ஓட்டைக் கழற்றி, அதையே தின்று, புதிய ஓட்டைக் கடினமாக்குகிறது. பிடிபட்டபோது உதிர்ந்துபோன கால் இருந்தால் அதுவும் இந்தக் காலத்தில் சிறிதாக முளைக்கும். இடையில் தோண்டினால் அதன் உடல் பஞ்சு போல இருக்கும், கை பட்டாலே காயம். எனவே மணலின் ஈரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பொறுத்திருக்கவேண்டும். மேல்மணலிலேயே ஓடு கழற்றத் தொடங்கினால், அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலால் சுற்றி மறைத்து, மற்ற நண்டுகளிடமிருந்து காப்பாற்றி, மங்கலான வெளிச்சத்தில் விடுங்கள். கழற்றிய ஓட்டை எடுக்காதீர்கள்.

செத்ததா என்று எப்படித் தெரியும்? மூக்குத்தான் சொல்லும். செத்த நண்டு ஒன்றிரண்டு நாளில் அழுகிய மீன் போல நாறும். நாற்றமில்லாமல் கிடக்கும் நண்டு செத்ததென்று முடிவுகட்டவேண்டாம். வெறும் கூடாக, உள்ளே ஒன்றுமில்லாமல், பாரமற்றுக் கிடப்பது கழற்றிய ஓடு.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

இந்தப் பகுதியை எழுதத்தான் நான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன். எங்கள் மாவட்டத்தில் பிள்ளைக்கும் ஓர் உயிருக்கும் இடையிலுள்ள உறவு சின்ன விடயமில்லை. 1996இல் மட்டக்களப்பில் அருட்தந்தை போல் சற்குணநாயகம் போன்றோரின் முயற்சியால் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு மண்ணும் மரமும் விளையாட்டும் கதையும்தான் மருந்தாக இருந்தன. தன்னைவிடச் சிறிய ஒன்றைக் கவனித்துக்கொள்வது பிள்ளைக்குப் பலம் தரும். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களின் வீடுகளில், இன்றைக்கும் கடற்கரைக்குப் பிள்ளையை விடப் பயப்படும் அம்மம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கடலிலிருந்து வந்த முதல் சிநேகிதம் இந்த நண்டாக இருக்கலாம்.

அதனால்தான் நண்டு மண்ணுக்குள் போகும்போது பெரியவர்கள் சொல்லும் சொல் முக்கியம். “கட்டாயம் வரும்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “இப்படித்தான் நண்டு வளரும். அனேகமாக வரும். சில வேளை வராமலும் போகலாம். தோண்டினால் நிச்சயம் காயப்படும். நாங்கள் பொறுத்திருப்போம்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். கலண்டரில் புதைந்த நாளைப் பிள்ளையே குறித்துவைக்கட்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகளில், பெரியவர்கள் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நண்டு விடயத்திலாவது மறைக்கவேண்டாம்.

செத்துவிட்டால், பிள்ளை பள்ளிக்குப் போன நேரத்தில் அதேபோல இன்னொன்றைக் கொண்டுவந்து வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது வேண்டாம். பிள்ளை கண்டுபிடித்துவிடும். செத்ததைச் சொல்லி, பிள்ளை விரும்பினால் முற்றத்தில் ஒன்றாகப் புதையுங்கள். அழுதால் அழவிடுங்கள். “ஒரு நண்டுக்கா இவ்வளவு?” என்று கேட்கவேண்டாம். பிள்ளை அழுவது சிலவேளை நண்டுக்காக மட்டும் இருக்காது. பல நாட்களாகத் தூக்கமில்லை, சாப்பாடில்லை, பேச்சில்லை என்றால் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடமோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ பேசுங்கள்.

கையில் எடுக்கும் விளையாட்டையும் குறையுங்கள். உள்ளங்கையை விரித்து வைத்தால் நண்டு நடக்கும், கிள்ள வாய்ப்புக் குறைவு. கிள்ளினால் உதறாமல் தண்ணீருக்குள் கையை வைத்தால் விட்டுவிடும். தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும்.

திருப்பி விடுவதென்றால்

வளர்க்க முடியாது என்று தெரிந்தால் முதல் சில நாட்களுக்குள் எடுத்த அதே கடற்கரையில் விடுவதுதான் நல்லது. பொழுதுபடும் நேரத்தில், அலை எட்டாத மேட்டில், கொடி படர்ந்த நிழலில் விடுங்கள். கடலுக்குள் எறியாதீர்கள். வேறோர் ஊரின் கடற்கரையில் விடவேண்டாம். கடையில் வாங்கிய நண்டையும், அதனோடு ஒரே பெட்டியில் இருந்த நண்டையும் எங்கும் வெளியில் விடக்கூடாது, நோய் பரவும்.

இந்த நண்டு வீட்டுப் பெட்டியில் பெருகாது. பெண் நண்டு முட்டைகளைச் சுமந்துகொண்டு கடல் விளிம்புக்குப் போகும். குஞ்சு கடல்நீரில் மிதந்து வளர்ந்து, பின் ஒரு சிறு சங்கைக் கண்டெடுத்துக் கரையேறும். ஆகவே வளர்ப்பு நண்டென்று விற்பவை ஏறத்தாழ எல்லாமே எங்கோ ஒரு கரையில் பிடிக்கப்பட்டவை. இயற்கையில் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. யப்பான் 1970இலேயே தன் தரைவாழ் துறவி நண்டுகளை இயற்கைச் சின்னமாக அறிவித்துப் பாதுகாத்தது. எங்கள் பக்கத்தில் திருகோணமலைப் புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கிருந்து நண்டும் சங்கும் மட்டுமல்ல, எதையுமே எடுத்துவரக்கூடாது.

புலம்பெயர்ந்த வீடுகளுக்கு

வட அமெரிக்கக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் கரீபியன் அல்லது பசிபிக் கரை இனங்கள். கவனிப்பு ஒன்றுதான், காலநிலை வேறு. மாரிகாலத்தில் வீட்டுச் சூடேற்றி காற்றை உலர்த்திவிடும் என்பதால் ஈரப்பதமானியும் வெப்பமானியும் கட்டாயம். சூட்டுத் தகட்டைத் தொட்டியின் அடியில் ஒட்டாமல் பின்சுவரில் ஒட்டுங்கள், அடியில் புதைந்திருக்கும் நண்டு வெந்துவிடும். கடல்நீருக்கு மீன் தொட்டிக் கடையில் விற்கும் கடலுப்பை, பொதியில் எழுதியுள்ள அளவில் கரையுங்கள். குழாய்த் தண்ணீருக்கு அதே கடையில் குளோரின் நீக்கி கிடைக்கும். வர்ணச் சங்கும் சிறு கம்பிக்கூடும் சேர்த்துத் தந்தால் கூட்டை வாங்காமல், சாதாரணச் சங்குகளை வாங்கிப் போடுங்கள். இது கூட்டமாக வாழும் உயிர் என்பதால் ஒன்றைத் தனியே வாங்கவேண்டாம்.

ஊருக்கு வரும் பிள்ளைகளும் இங்குள்ள பிள்ளைகளும் கடற்கரைக்குப் போகும்போது ஒரு வேலை செய்யலாம். மாலையில் நண்டைப் பார்த்திருந்துவிட்டு, நல்ல வெற்றுச் சங்குகளை மணலிலேயே விட்டுவிட்டு, போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு வரலாம். ஒரு சங்கு கரையில் கிடந்தால் அதை எதிர்பார்த்து ஒரு நண்டு எங்கோ இருக்கும்.